அரை மில்லிமீட்டர் வண்டைப் 'புது இனம்' என்று எழுதப் போகிறீர்களா?

வெப்பமண்டலக் காட்டில் மட்கிய சருகை ரெண்டு கை அள்ளிச் சலித்தால், இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு வண்டு விழுவது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அது புதுசு என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படி எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இங்கே நான் பேசுவது இறகுச் சிறகு வண்டுகளைப் பற்றி. பல இனங்கள் பொடி உப்பின் ஒரு மணி அளவுதான் இருக்கும், சிறகு என்று பார்த்தால் ஒல்லியான ஒரு தண்டு, அதன் ஓரமெங்கும் நீண்ட மயிர்கள், அவ்வளவுதான். இவற்றில் செய்யும் தவறுகள் எந்தச் சிறு வண்டுக்கும் பொருந்தும்.

முதல் தவறு, இணையத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை, ஆகவே புதுசு என்று முடிவு கட்டுவது. விலங்குகளின் பெயர்க் கணக்கு 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸில் தொடங்குகிறது, அதற்குப் பிறகு வந்த எல்லாமே உங்களுக்கு முந்தியவை, அவை எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் சரி. இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-களில் அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்ற ஜெர்மானியர், ஓய்வு நேரத்தில் வண்டு பொறுக்கி, இந்த இறகுச் சிறகு வண்டுகளிலேயே சிலவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார், அதில் ஒன்றுக்கு 'இன்விசிபிலிஸ்' என்று பெயர், கண்ணுக்கே தெரியவில்லை என்ற கடுப்பில் வைத்தாரோ என்னவோ! அதே காலத்தில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு பிரான்சிஸ் வாக்கர் இலங்கைப் பூச்சிகளை அள்ளி அள்ளி விவரித்தார். அந்தக் காலத்து விவரிப்புகள் பலவும் நாலைந்து வரிதான், படம் கிடையாது, இடம் என்ற இடத்தில் 'சிலோன்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அதை மட்டும் வாசித்து எதையும் தீர்மானிக்க முடியாது. அசல் மாதிரியை, அதாவது டைப்பை, நேரில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அருங்காட்சியகத்துக்கு எழுதி நல்ல படமாவது வாங்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க நினைத்தவர்களின் 'புது இனங்கள்' பிறகு பழைய பெயருக்குள் அடங்கிப்போய், அடுத்தவருக்குத் தலைவலியாக மிஞ்சுகின்றன.

அடுத்தது, ஒரே ஒரு வண்டை வைத்துக்கொண்டு எழுத உட்காருவது. விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கான சர்வதேச விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டினெல்லா போன்ற பேரினங்களில் ஒரே இனத்துக்குள்ளேயே சில வண்டுகளுக்குக் கண், சிறகு, அடர்ந்த நிறம் எல்லாம் இருக்கும், வேறு சிலவற்றுக்குக் கண்ணும் கிடையாது, சிறகும் பேருக்குத்தான், உடலும் வெளிறியிருக்கும். ஒரே பட்டைக்கு அடியிலிருந்து இரண்டையும் எடுத்தவர் இரண்டு இனம் என்று சத்தியம் செய்வார். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டும் வெளிறித்தான் இருக்கும், தோல் கெட்டிப்பட்டு நிறம் ஏறச் சற்று நேரம் பிடிக்கும், அதைப் பிடித்துவந்து 'மஞ்சள் நிறப் புது இனம்' என்று எழுதுவது வெட்கக்கேடு. அதனால் நிறத்தையோ கண் இல்லை என்பதையோ மட்டும் நம்பாதீர்கள். 2019-இல் பூச்சியியலாளர் மைக்கேல் டார்பி, சூழல் போராளி கிரேட்டா துன்பெர்கின் பெயரில் விவரித்த நெல்லோப்டோடிஸ் கிரேட்டே என்ற கென்யா வண்டைப் பாருங்கள். நீளம் 0.79 மில்லிமீட்டர், கண்ணும் இல்லை, சிறகும் இல்லை, ஆனால் கண்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி இருக்கிறது. கவனிக்க வேண்டியது அந்த மாதிரி விஷயத்தை.

அப்புறம் அளவு. இது சின்ன விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். உலகிலேயே மிகச் சிறிய வண்டு ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸ். 1999-இல் நிகராகுவாவிலிருந்து விவரித்தார்கள். ஆனால் கையில் இருந்த வண்டுகள் எல்லாம் நுண்ணோக்கிக்காகப் பதித்து வைக்கப்பட்டவை என்பதால் உண்மையான நீளத்தைத் துல்லியமாக அளக்க வழியில்லாமல் போயிற்று. 2015-இல் அலெக்ஸி போலிலோவ் கொலம்பியாவில் ஒரு பூஞ்சையின் மேலிருந்து புதிதாக வண்டுகளைச் சேகரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அளந்த பிறகுதான், மிகச் சிறியது 0.325 மில்லிமீட்டர் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. பாடம் எளிது: ஸ்லைடில் ஏற்றுவதற்கு முன்பே முழு உடலைப் படம் எடுத்து அளந்துவிடுங்கள். 'சுமார் அரை மில்லிமீட்டர்' என்று எழுதாதீர்கள், இத்தனை வண்டுகளை அளந்தேன், சிறியது இவ்வளவு, பெரியது இவ்வளவு என்று எழுதுங்கள். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்பதும் வேண்டும், தலையைக் குனிந்தபடி செத்த வண்டின் நீளமும் நீட்டியபடி செத்ததன் நீளமும் ஒன்றாக இருக்காது.

வெளித்தோற்றத்தோடு நிறுத்திவிடுவது இன்னொன்று. இந்த வண்டுகளில் அடையாளம் பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கிறது, குறிப்பாகப் பெண் வண்டு விந்தைச் சேமித்து வைக்கும் குட்டிப் பையின் வடிவத்தில். ஒரு இனத்தில் அது சுருள் சுருளாக இருக்கும், இன்னொன்றில் வெறும் கொக்கி. அதைப் பார்க்க வண்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, தசை எல்லாம் கரைந்து உடல் கண்ணாடி மாதிரி ஆனதும் கழுவி, ஒரு சொட்டுக் கிளிசரினில் போட்டு, மிக நுண்ணிய ஊசியால் வயிற்றைப் பிரிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை, தும்மல் வந்தால் ஹோலோடைப், அதாவது புதுப் பெயருக்கு ஆதாரமாக நீங்கள் குறிக்கும் அந்த ஒற்றை வண்டு, போச்சு. பெரிய வண்டுக்குச் சொன்ன நேரத்தை இதற்கும் வைத்தால் அளவுக்கு மீறி வெளுத்துவிடும், ஆகவே பக்கத்திலேயே இருந்து பாருங்கள். இதில் வரிசை முக்கியம். அந்தக் கரைசல் டிஎன்ஏவை அழித்துவிடும். டிஎன்ஏ வேண்டுமென்றால் உடலைச் சிதைக்காமல் நொதி வைத்து எடுக்கும் முறையில் அதை முதலில் முடித்துக்கொண்டு, பிறகு இதற்கு வாருங்கள்.

எழுதும்போது நடக்கும் பெரிய கூத்து, 'பழுப்பு நிறம், பளபளப்பு, மேலே நுண்மயிர்' என்று மூன்று பக்கம் நிரப்பிவிட்டு, பக்கத்து இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது. அந்தப் பழுப்பும் பளபளப்பும் குடும்பத்தில் பாதிக்கும் மேல் பொருந்தும். வேறுபடுத்திக் காட்டும் பண்புகள் இல்லையென்றால் பெயரே செல்லாது. நீளமாக எழுத வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அலெக்சாண்டர் ரீடலும் கூட்டாளிகளும் 2013-இல் நியூ கினியாவின் டிரைகொனாப்டெரஸ் கூன்வண்டுகளில் 101 இனங்களை ஒரே கட்டுரையில் கொண்டுவந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான விவரிப்பு, நல்ல படம், டிஎன்ஏ பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் ஒரு குட்டி டிஎன்ஏ துண்டு. அத்தனை பெயருக்கு எங்கே போவது என்று பப்புவா நியூ கினியாவின் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டிக் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கும், ஆனால் பார்கோடு மட்டும் போதும், உருவத்தை யார் பார்ப்பது என்று போகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. டிஎன்ஏ எடுக்க முடியாத பழைய டைப்புகளோடு எதை வைத்து ஒப்பிடுவார்கள்?

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்டப் பெயரோடு நிறுத்தாதீர்கள், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, எந்தப் பூஞ்சை அல்லது எந்தச் சருகு, எப்படிப் பிடித்தீர்கள், எல்லாம் லேபிளில் ஏறட்டும். கிரேட்டே வண்டுகள் 1960-களின் நடுவில் எடுத்த மண் மாதிரிகளிலிருந்து கிடைத்தவை, அரை நூற்றாண்டுக்கு மேல் பெயரில்லாமல் கிடந்தன. 2012-இல் வந்த ஒரு ஆய்வின்படி, ஒரு மாதிரி கையில் கிடைப்பதற்கும் அது புது இனமாக விவரிக்கப்படுவதற்கும் நடுவே சராசரியாக 21 ஆண்டுகள் ஓடுகின்றன. அப்போது பேசப்போவது லேபிள் மட்டும்தான்.

பெயர் வைப்பதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் பெயர் என்றால் ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ' என்று முடியும், உரிச்சொல் என்றால் பேரினத்தின் பாலோடு பொருந்த வேண்டும். உங்கள் பெயரையே வைக்க விதியில் தடையில்லை, ஊர் சிரிக்கும். மின்னிதழில் மட்டும் வெளியாவது என்றால், பெயரிடல் விதியில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி, விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். அதுவரை இன்ஸ்டாகிராமில் பெயரைப் போடாதீர்கள், விவரிப்பு இல்லாமல் திரியும் பெயரால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசியாக, வண்டு எங்கே இருக்கப்போகிறது? 2000-இலிருந்து வைக்கும் பெயர்களுக்கு டைப் எது என்று குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுதாவிட்டால் பெயர் செல்லாது, உங்கள் வீட்டு மேசை இழுப்பறை அதற்கு ஏற்ற இடமும் இல்லை. இந்தியாவில் என்றால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிதாகக் கண்ட இனத்தை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்கச் சொல்கிறது. காட்டுக்குள் போகும் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வண்டுகளையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள். 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிச் சேகரிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. ஹோலோடைப் ஒன்றுதான் இருக்க முடியும், ஆனால் பாராடைப்புகளை, அதாவது விவரிப்புக்குப் பயன்பட்ட மற்ற வண்டுகளை, சட்டம் அனுமதிக்கும் அளவில் ரெண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுரையிலேயே எண்ணிக்கையோடு எழுதிவிடுங்கள்.