பி.எஸ்சி. கணிதம் முதல் செமஸ்டர்: சேர்க்கையிலிருந்து ரிசல்ட் வரை

கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பிளஸ் டூ முடித்துக் கணிதம் எடுப்பவர்களில் பலரும் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகள்கூட விதி தெரியாமல் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அவர்களுக்காகத்தான் இது.

படி 1: சேர்க்கை

பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் மாநில அரசின் சேர்க்கை இணையதளத்தில் விண்ணப்பம். அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குவார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள், டி.சி., சாதிச் சான்று, ஆதார், போட்டோ ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று தேவைப்பட்டால் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் அங்கே கூட்டம் அதிகம். அசல் சான்றுகளைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். கேரளப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்து எல்லை தாண்டி வருகிறவர்களிடம் பொதுவாகத் தகுதிச் சான்று கேட்பார்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். சேர்ந்தவுடன் அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

படி 2: கையேட்டை முதல் வாரமே வாசியுங்கள்

ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். அங்கே வினாத்தாளும் தேர்வும் கல்லூரியின் பொறுப்பு, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. மற்ற கல்லூரிகளுக்கு வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். ஆகவே கீழே சொல்லும் எண்களைப் பொதுவான நடைமுறையாக எடுத்துக்கொண்டு, உங்கள் கல்லூரிக் கையேட்டோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வேறு கல்லூரியில் படித்திருந்தால் அவர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

படி 3: வருகைப் பதிவு

75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள் வந்தாக வேண்டும். 65 சதவீதத்துக்கு மேல் 75-க்குள் இருந்தால் கன்டோனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம் கட்டித் தேர்வு எழுத விடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், அது பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்று முழுசாக வாசியுங்கள். அப்புறம், மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா போன்றவற்றுக்கு விடும் உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அன்றைக்கும் வருகைப் பதிவு உண்டு.

படி 4: இன்டர்னல் 25

ஒரு தாளுக்கு 100 மதிப்பெண் என்றால் இன்டர்னல் (வகுப்பிலேயே போடும் அக மதிப்பெண்) 25, எக்ஸ்டர்னல் (செமஸ்டர் இறுதித் தேர்வு) 75. இன்டர்னலில் தேர்வுகளுக்கு 20, அசைன்மென்டுக்கு 5. பொதுவாக மூன்று தேர்வு நடத்தி, நன்றாக எழுதிய இரண்டின் சராசரியை எடுப்பார்கள். ஒரு தேர்வு போய்விட்டால் பதற வேண்டாம். ஆனால் "இன்னொன்று இருக்கிறதே" என்று முதல் தேர்வை விட்டுவிடாதீர்கள். மூன்றாவது தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பு சரியில்லாமல் தவறவிட்டால், மருத்துவச் சான்றோடு அதே வாரத்தில் வகுப்பாசிரியரைப் பாருங்கள்.

படி 5: வினாத்தாளைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத்தான் யாரும் முதல் வருடத்தில் சொல்லித் தருவதில்லை. 75 மதிப்பெண்ணில் பகுதி அ 10 ஒரு மதிப்பெண் வினாக்கள், பகுதி ஆ ஐந்து 5 மதிப்பெண் வினாக்கள், பகுதி இ ஐந்து 8 மதிப்பெண் வினாக்கள். பாடத்தில் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் 2 + 5 + 8, அதாவது 15 மதிப்பெண். "இது அல்லது அது" என்று சாய்ஸ் இருக்கும், ஆனால் இரண்டு வினாவும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். அதனால் ஒரு யூனிட்டைப் படிக்காமல் விட்டால் 15 மதிப்பெண் அப்படியே போகும், சாய்ஸ் காப்பாற்றாது.

தேர்ச்சிக்கு எக்ஸ்டர்னலில் மட்டும் 30 வேண்டும், மொத்தத்தில் 40 வேண்டும். இன்டர்னலில் 24 வாங்கி எக்ஸ்டர்னலில் 28 எடுத்தவருக்கு மொத்தம் 52, ஆனாலும் அரியர். இன்டர்னலில் 10 வாங்கி எக்ஸ்டர்னலில் 30 எடுத்தவர் பாஸ். நல்ல இன்டர்னலை நம்பி எக்ஸ்டர்னலைத் தளரவிடாதீர்கள்.

படி 6: வீட்டுப்பாடம்

5 மதிப்பெண்தானே என்று அசைன்மென்டைக் கூட்டாளியின் நோட்டைப் பார்த்து எழுதுவது பரவலான வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கில் விடைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது, வரிக்கு வரி உண்டு. காஸ் 5தீட்டாவைக் காஸ் தீட்டாவின் அடுக்குகளில் எழுதச் சொன்னால், டி மாய்வர் தேற்றத்தை எழுதி, ஈருறுப்பு விரிவை எழுதி, மெய்ப்பகுதிகளைச் சமன்படுத்தி, சைன் வர்க்கத்தை 1 கழித்தல் காஸ் வர்க்கமாக மாற்ற வேண்டும். கடைசியில் 16 காஸ்⁵ கழித்தல் 20 காஸ்³ கூட்டல் 5 காஸ் என்று வரும். கடைசி வரியில் ஒரு குறி தப்பினாலும் முந்தைய வரிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். வரிகளே இல்லாமல் விடை மட்டும் இருந்தால் மிகக் குறைவுதான். இந்த வரிசை கைக்கு வருவது வீட்டில் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுதும்போதுதான்.

ஒரு வழி சொல்கிறேன். வகுப்பில் போட்ட கணக்கை அன்று இரவே நோட்டைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். சிக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மறுநாள் அந்த வரியை மட்டும் சாரிடமோ மிஸ்ஸிடமோ கேளுங்கள். "எதுவுமே புரியவில்லை" என்று போனால் அவர்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

படி 7: தேர்வும் ரிசல்ட்டும்

தேர்வுக் கட்டணம் கட்டியதும் ஹால் டிக்கெட்டில் பெயர், தாள் குறியீடு சரியா என்று பாருங்கள். 3 மணி நேரத் தேர்வில் 8 மதிப்பெண் வினாக்களை முதலில் எழுதுவது என் பரிந்துரை, அவைதான் மொத்தம் 40.

மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கி, ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும், ரிசல்ட் வந்த அன்றே அறிவிப்பைப் பாருங்கள். அரியர் விழுந்தால் இன்டர்னல் மதிப்பெண் பொதுவாக அப்படியே நிற்கும். அடுத்த செமஸ்டர் கட்டணத்தோடு அந்தத் தாளுக்கும் சேர்த்துக் கட்டி எக்ஸ்டர்னலை மட்டும் திரும்ப எழுதலாம்.