செட் மெனுவா, தனித்தனியா? திருகோணமலையில் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட் மெனு, அதாவது பஃபே மாதிரி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் சாப்பாடு என்றால் எப்போதும் லாபம் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்க்காமல் அதைச் சொல்லவே முடியாது. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே குடும்பத்தோடு உப்புவெளிப் பக்கம் பஃபே சாப்பிடப் போகிறீர்கள் என்று வையுங்கள். அம்மா சைவம், அம்மம்மா சைவம், சின்னவன் ஐஸ்கிரீமைத் தவிர எதையும் தொடமாட்டான், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் காசுக்குள் இறால், கணவாய் எல்லாமே அடக்கம். அன்றைக்கு டவுனில் ஒரு சைவக்கடை போதும். பஃபேதான் வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு அரை விலையா, எத்தனை வயது மட்டும் என்று உட்காருவதற்கு முதலே கேளுங்கள்.

சோறு கறிக் கடையில் கதை வேறு. அங்கே ஒரே விலைச் சாப்பாடுதான் கட்டுப்படியாகும். சோறும் பருப்பும் மரக்கறியும் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் போடுவார்கள். மீன் பொரியலும் கோழியும் அப்படியில்லை. "இன்னும் போடவா அண்ணா?" என்று கேட்கும்போது கையில் எந்தச் சட்டி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

தேத்தண்ணிக் கடையில் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், வடை என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் சிலர் தேத்தண்ணியோடு சேர்ந்ததாக்கும் என்று தட்டைக் காலி செய்கிறார்கள், இன்னும் சிலர் முழுத்தட்டுக்கும் காசு எடுப்பார்களோ என்று பயந்து தொடுவதேயில்லை. இரண்டும் பிழை. சாப்பிட்டதை எண்ணித்தான் காசு. ஆனால் தொட்டுப் பார்த்து வைக்காதீர்கள், அடுத்த மேசைக்கும் அதே தட்டுத்தான் போகும்.

பெரிய அடி விழுவது கடற்கரையில். நிலாவெளிப் பக்கம் நண்டு, இறால் விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 100 கிராம் என்று போட்டிருந்தால், 700 கிராம் நண்டுக்கு அதைப் போல ஏழு மடங்கு கட்டவேண்டும், அதுவும் ஓட்டோடு சேர்த்த நிறைக்கு. சமைக்க முதல் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் வரி. சேவைக் கட்டணம் 10%, 2024 ஜனவரியிலிருந்து வாட் 18%. இரண்டையும் வெளியே வைத்து 2,000 ரூபா என்று போட்ட செட் மெனு பில்லில் 2,500ஐத் தாண்டும், பக்கத்துக் கடையில் எல்லாம் சேர்த்து 2,300 என்றால் அதுதான் மலிவு.

இரவில் கொத்து ரொட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், தனியாகவே சொல்லுங்கள். பல கடைகளில் ஒரு ஃபுல் இரண்டு பேருக்குக் காணும், ஆளுக்கொன்று சொல்லிவிட்டு முழிக்கத் தேவையில்லை. மிஞ்சினாலும் பார்சல் கட்டித் தருவார்கள், பஃபேயில் அது நடக்காது.