பெரிய முள் ஆறுக்கு வந்தால் டிவி நிற்கும்

நாங்கள் இருப்பது டோக்கியோவில், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பகுதியில். மகளுக்கு நாலு வயது. ஹொய்குஎன் என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறாள். "ஜப்பான் பிள்ளைகள் போனையே தொட மாட்டார்களாமே?" என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். அதெல்லாம் சும்மா. இங்கேயும் ஓட்டலில் போனைக் கையில் கொடுத்து ஊட்டுகிற அம்மாக்களைப் பார்க்கலாம். ஆனால் குழந்தை டிவி, போன் பார்ப்பதை நிறுத்த வைக்கும் விதத்தில் இவர்களிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

முதலில் பெரிய எண்கள் உள்ள முள் கடிகாரம் ஒன்றை வாங்கி, குழந்தையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். காப்பகத்து டீச்சர்கள் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பெரிய முள் ஆறுக்கு வந்ததும் எடுத்து வைக்கலாம்" என்பார்கள். நாலு வயதுக்கு அஞ்சு நிமிஷம் என்றால் என்ன தெரியும்? முள் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் கடிகாரத்தில் ஆறின் பக்கத்தில் ஒரு தக்காளி ஸ்டிக்கர் இருக்கிறது. டிவி போடுவதற்கு முன்பே, எங்கே நிற்கும் என்று அவளையே தொட்டுக் காட்டச் சொல்வேன். முள் தக்காளிக்கு வந்ததும் ரிமோட்டை அமுக்குவது அவள் வேலை. நான் அணைத்தால் வீடே இரண்டாகும். அவளே அணைத்தால் பெரும்பாலும் முணுமுணுப்போடு சரி. அப்படியே அழுதாலும் கோபம் கடிகாரத்தின் மேல்தான்.

ஒன்று மட்டும் முக்கியம். பாத்திரம் கழுவி முடிக்க வேண்டுமே என்று நீங்களே ஒரு நாள் நீட்டித்தால், மறுநாளிலிருந்து அந்த முள்ளுக்கு மரியாதை கிடையாது.

அடுத்தது, முடிவு உள்ள நிகழ்ச்சியாகக் கொடுங்கள். ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே-யில் 1959-லிருந்து வரும் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று பாட்டு, உடற்பயிற்சி, டாட்டா என்று அரை மணிக்குள் முடிந்துவிடும். யூடியூப் அப்படியில்லை, ஒன்று முடியுமுன் அடுத்ததை நீட்டும். தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள்.

அணைத்த கையோடு வேறு வேலை தயாராக இருக்க வேண்டும். சும்மா நிற்கும் குழந்தைதான் மறுபடி கேட்கும். இங்கே பல வீடுகளில் குளியல் இரவில்தான், குழந்தையோடு பெற்றோரும் தொட்டியில் இறங்குவார்கள், பத்து வரை எண்ணிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். நம் வீட்டில் தொட்டி இல்லையென்றால் என்ன, ஒரு வாளி வெந்நீரும் சொம்பும் போதும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஜப்பான் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2004-ல் சொன்னது: இரண்டு வயதுவரை டிவி, வீடியோ வேண்டாம், பால் கொடுக்கும்போதும் சாப்பிடும்போதும் அணைத்துவிடுங்கள், மொத்தமாக நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இரண்டிலிருந்து நாலு வயதுக்கு 1 மணி நேரம் என்றது. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

தூரமும் முக்கியம். 1997 டிசம்பரில் போக்கிமான் கார்ட்டூனில் வந்த மின்னல் வெட்டு போன்ற காட்சியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு, அறையை வெளிச்சமாக்கித் தள்ளி உட்காருங்கள் என்ற அறிவிப்பு கார்ட்டூன்களின் தொடக்கத்தில் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டுத் தரையில் மஞ்சள் டேப் ஒன்று ஒட்டியிருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது.

ரயிலில் போனை வெளியே எடுக்காதீர்கள். இங்கே சின்னப் பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டு, சீட்டில் மண்டியிட்டு, ஜன்னலில் மூக்கு ஒட்ட வேடிக்கை பார்ப்பார்கள். செலவில்லாத வேலை.

பாட்டியோடு வீடியோ கால் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இரவில் வேண்டாம்; ஊரில் மாலை ஐந்து என்றால் இங்கே எட்டரை, தூங்கும் நேரம். சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பேசுகிறோம், அங்கே மணி ஏழு, அம்மா கையில் காபி இருக்கும். பேத்தி சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்பார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை.