ஓர் ஓவியத்தின் தாய்ப்பத்திரம்: கைமாறிய வரலாற்றைப் படிக்கப் பழகுவோம்

மனை வாங்கப் போகிறவர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். அப்புறம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பார். ஓவியத்துக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. வரைந்தவர் கையிலிருந்து யாருக்குப் போனது, எந்த ஆண்டு, விலைக்கா, வாரிசுரிமையாகவா, இடையில் யாராவது பறித்தார்களா என்று சொல்லும் பட்டியல் அது. ஏல நிறுவனங்களும் அருங்காட்சியகங்களும் ஓவியத்தின் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அதை அச்சிடுகின்றன. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஓவியத்துக்கு இணையான கதை அந்தச் சின்ன எழுத்துகளில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பழகுவதற்கு ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம்: அமெதேயோ மொதில்யானி 1918-இல் வரைந்த, கைத்தடியுடன் அமர்ந்திருக்கும் மனிதர். மொதில்யானி 1884-இல் இத்தாலியின் லிவோர்னோவில் பிறந்தார், 1906-இல் பாரிஸ் போனார், 1920 ஜனவரியில் 35 வயதில் அங்கேயே இறந்தார்.

முதல் படி: முன்பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓவியர், பொருள், ஆண்டு, அளவு, கையெழுத்து. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். நம் ஓவியம் கித்தானில் எண்ணெய் வண்ணம், சுமார் 126 செ.மீ. உயரம், 75 செ.மீ. அகலம். தலைப்பை நம்பாதீர்கள். மொதில்யானியின் ஓவியங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பு வைத்தவர்கள் பிறகு வந்த வியாபாரிகளும் பட்டியல் தயாரித்தவர்களும்தான். ‘ஓர் ஆணின் உருவப்படம்’ என்று ஒரு கண்காட்சியில் தொங்கியது, அடுத்த ஏலத்தில் வேறு பெயரில் வரும். அளவு அவ்வளவு எளிதில் மாறாது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டையும் அப்படியே ஏற்க முடியாது. இன்னொரு இத்தாலியரான ஜார்ஜோ தெ கிரிகோ, தன் பழைய பாணியில் பிற்காலத்தில் வரைந்த படங்களுக்குத் தானே முந்தைய ஆண்டுகளைப் போட்டார். ஒரே படத்தைப் பல முறை திரும்ப வரைந்தார். ஓவியரே எழுதிய ஆண்டு என்பதாலேயே அது சரியாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: திருப்பிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கித்தானை இழுத்துக் கட்டிய மரச்சட்டம், அதில் ஒட்டிய லேபிள்கள், சுங்க முத்திரைகள், சுண்ணக்கட்டியால் எழுதிய எண்கள், கிழித்தெடுத்த காகிதத்தின் மிச்சம் என்று எல்லாமே சாட்சிகள். நேரில் திருப்ப முடியாவிட்டால் ஏல நிறுவனத்திடம் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். நியாயமான விற்பனையாளர் அனுப்புவார்.

இத்தாலிய லேபிள்களில் சில சொற்கள் அடிக்கடி வரும். ‘ஒலியோ சு தேலா’ என்றால் கித்தானில் எண்ணெய் வண்ணம். ‘ப்ரொப்ரியெதா’ என்றால் உடைமை, அதையடுத்து உரிமையாளர் பெயர் இருக்கும். ‘எரேதி’ என்றால் வாரிசுகள். ‘கொல்லெட்சியோனெ ப்ரிவாதா’, அதாவது தனியார் சேகரிப்பு, எதையும் சொல்லாமல் சொல்கிற சொல். அதைப் பார்த்தால் அடிக்கோடிடுங்கள்.

லேபிளும் பொய் சொல்லலாம். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி தன் போலி ஓவியங்களின் பின்னால், ஆல்ஃபிரட் ஃபிளெக்ட்ஹைம் என்ற புகழ்பெற்ற வியாபாரியின் பெயரில் போலி லேபிள் ஒட்டினார். 1914 என்று ஆண்டிட்ட படம் ஒன்றில் டைட்டானியம் வெள்ளை இருப்பதை ஆய்வகம் கண்டுபிடித்தது. 1914-இல் ஓவியர்களுக்கு அந்த வண்ணமே கிடைக்கவில்லை. 2011-இல் அவர் தண்டனை பெற்றார். மொதில்யானி ஓவியத்திலும் டைட்டானியம் வெள்ளை தென்பட்டால் கேள்வி எழும். அது பிற்காலத்தில் பழுதுபார்த்தவர் பூசியதா என்பதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டும்.

மூன்றாம் படி: முழுப் பட்டியலில் தேடுங்கள்

ஓர் ஓவியரின் எல்லாப் படைப்புகளையும் ஆய்வாளர்கள் எண்ணிட்டுத் தொகுத்த நூல்கள் உண்டு. மொதில்யானிக்கு அம்ப்ரோஜோ செரோனியின் பட்டியலைச் சந்தையில் பெரிதும் நம்புகிறார்கள். 1970-இல் வந்த அதன் பதிப்பில் 337 ஓவியங்கள் உள்ளன. அதில் இல்லாததெல்லாம் போலி என்று பொருள் இல்லை. ஆனால், இல்லையென்றால் விற்பவர் இன்னும் நிறையக் காட்ட வேண்டியிருக்கும். மொதில்யானி விஷயத்தில் இந்தக் கறார் தேவைதான். 2017-இல் ஜெனோவாவில் நடந்த கண்காட்சியிலிருந்து 21 படைப்புகளைக் கைப்பற்றினார்கள். நிபுணர் ஆய்வு அவற்றில் 20-ஐப் போலி என்றது.

நான்காம் படி: நிறுத்தக்குறிகளைப் படியுங்கள்

பல அமெரிக்க அருங்காட்சியகங்கள் ஒரு வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. இரண்டு பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேராகப் போனது என்று பொருள். முற்றுப்புள்ளி இருந்தால் நடுவில் இடைவெளி. ஏல நிறுவனங்கள் எல்லாம் இதைப் பின்பற்றுவதில்லை. அதனால் நீங்களே ஆண்டுகளை வரிசையாக எழுதி, எங்கே வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: 1933 முதல் 1945 வரை நின்று பாருங்கள்

ஐரோப்பாவில் இருந்த எந்த ஓவியத்துக்கும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைத் தனியாக விசாரிக்க வேண்டும். இங்கேதான் நம் ஓவியம் பேசத் தொடங்குகிறது.

ஓஸ்கர் ஸ்டெட்டினர் பாரிஸில் கடை வைத்திருந்த யூத ஓவிய வியாபாரி. 1930-இல் வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் மொதில்யானிக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். அங்கே காட்ட ஓவியம் இரவல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1939-இல் நாஜிகளுக்கு அஞ்சி, சரக்கை விட்டுவிட்டுப் பாரிஸிலிருந்து வெளியேறினார். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் கடைக்கு ஒரு நிர்வாகியை நியமித்தார்கள். 1944-இல் பொருள்கள் ஏலம் போயின. போர் முடிந்ததும் 1946-இல் ஸ்டெட்டினர் நீதிமன்றம் போனார். ஏலத்தில் எடுத்தவரோ, ஓர் அமெரிக்க அதிகாரிக்கு ஓவியத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். 1948-இல் ஸ்டெட்டினர் இறந்தார். ஓவியம் அவர் கைக்குத் திரும்பவில்லை.

இனி பட்டியலைப் பாருங்கள். 1996-இல் கிறிஸ்டீஸ் லண்டன் ஏலத்தில் இந்த ஓவியம் சுமார் 32 லட்சம் டாலருக்கு விற்றது. அந்தப் பட்டியலில் ஸ்டெட்டினர் பெயர் இல்லை. 1940-க்கும் 1945-க்கும் இடையில் பெயர் குறிப்பிடாத விற்பனை ஒன்றில் கைமாறியது என்று மட்டும் இருந்தது. 2008-இல் சோத்பீஸ் என்ற மற்றோர் ஏல நிறுவனம் நியூயார்க்கில் விற்க முயன்றபோது பெயர் திரும்பி வந்தது, ‘ஒருவேளை’ என்ற ஒரு சொல்லோடு. ஓவியம் அன்று விலைபோகவில்லை.

அந்த ‘ஒருவேளை’யைப் படித்துவிட்டு என்னால் நெடுநேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஒரு மனிதர் கடையையும் ஊரையும் விட்டு ஓடியது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பிற்பாடு ஸ்டெட்டினரின் பேரன் தரப்பு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. வெனிஸில் காட்டியதும் இதுவும் ஒரே ஓவியம்தானா, இன்றைய உரிமையாளர் யார் என்ற இரண்டும் பெரிய வாதங்களாயின. 1996-இல் வாங்கிய இன்டர்நேஷனல் ஆர்ட் சென்டர் என்ற நிறுவனத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது 2016-இல் பனாமா ஆவணங்கள், அதாவது வெளிநாட்டு நிறுவனங்களின் மறைமுக உரிமையாளர்களைக் காட்டிய கோப்புகள், கசிந்தபோதுதான் பொதுவெளிக்கு வந்தது. அதே ஆண்டு ஜெனீவாவின் வரியில்லாக் கிடங்கில் இருந்த ஓவியத்தை அதிகாரிகள் முடக்கினார்கள். வெனிஸில் காட்டியதும் இதுவும் ஒன்றா என்ற கேள்விக்குப் பின்பக்க லேபிளும் அளவும்தான் சாட்சி; இரண்டாம் படியையும் அளவையும் ஏன் வலியுறுத்தினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆறாம் படி: தரவுத்தளங்களில் தேடுங்கள்

இழந்த கலைப்பொருள்களுக்கான ஜெர்மானியத் தளமான லாஸ்ட் ஆர்ட், பிரான்ஸில் நாஜி அமைப்பு கைப்பற்றியவற்றின் பதிவு, இத்தாலியக் கராபினியேரியின் கலைப்பொருள் காவல் பிரிவு வைத்திருக்கும் திருட்டுப் பட்டியல் ஆகியவற்றில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் கட்டணம் வாங்கித் தேடித் தரும். ஒன்று மறவாதீர்கள்: பட்டியலில் இல்லை என்றால் யாரும் இன்னும் பதிவு செய்யவில்லை என்று மட்டும்தான் பொருள்.

ஏழாம் படி: நீங்களே எழுதுங்கள்

சரி, சேகரித்ததை வரிசைப்படுத்துங்கள். உறுதியில்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், தெரியாத ஆண்டுகளை மூடி மறைக்காமல் முற்றுப்புள்ளியால் பிரியுங்கள். என் குறிப்பேட்டில் உள்ளது இது:

ஓஸ்கர் ஸ்டெட்டினர், பாரிஸ், 1930 வாக்கில் (வெனிஸ் இரவல் பதிவு, இதே ஓவியமா என்பது வழக்கில் வாதம்).
ஆக்கிரமிப்புக் காலத்தில் நியமித்த நிர்வாகி நடத்திய ஏலம், பாரிஸ், 1944; ஏலத்தில் வாங்கியவர்.
1944 முதல் 1996 வரை: அமெரிக்க அதிகாரி?
கிறிஸ்டீஸ், லண்டன், 1996; இன்டர்நேஷனல் ஆர்ட் சென்டர்.