ஊரில் வீடு கட்டக் கடன்: பேங்குக்கு முன்னால் வக்கீல்

“உங்க தாத்தா உயிரோட இருக்காரா தம்பி?”

“இல்ல சார். அவர் செத்து பதினெட்டு வருஷம் ஆச்சு.”

“அப்பம் லோனை அவருக்குத்தான் கொடுக்கணும். பட்டா அவர் பேர்ல கெடக்கே.”

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் செத்துப்போனது. திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி தாலுகாவில் ஒரு கிராமம், தாத்தா இருந்த ஓட்டு வீடு, அதை இடித்துவிட்டுச் சின்னதாக ஒரு தட்டட்டி வீடு, அதாவது தளம் போட்ட வீடு. ஆசை அவ்வளவுதான். எனக்குச் செல்போன் பழுது பார்க்கும் கடை. அம்மா பீடி சுற்றுகிறார். சம்பளச் சீட்டு என்று வீட்டில் யாரிடமும் எதுவும் கிடையாது. அந்தச் சிரிப்பிலிருந்து 10 லட்ச ரூபாய் கைக்கு வரும்வரை பதினான்கு மாதம் ஆனது. பாதி நாள் வீண் அலைச்சல். அந்தப் பாதியை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். டவுனில் அப்ரூவ்டு பிளாட், கையில் சம்பளச் சீட்டு என்று இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

1. முதலில் வீட்டு டிரங்குப் பெட்டி

பட்டா, மூலப்பத்திரம், வீட்டுத் தீர்வை ரசீது, கரண்ட் பில். இவற்றை எடுத்து வையுங்கள். பட்டாவைத் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே ‘நத்தம்’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும். ஊருக்குள் இருக்கும் வீட்டுமனை பெரும்பாலும் நத்தம்தான். நான் அதைக் கவனிக்காமல் வயல்காட்டுப் பட்டா பார்க்கிற பக்கத்தில் எண்ணைப் போட்டுவிட்டு, ‘பதிவு இல்லை’ என்று வந்ததும் இடமே போய்விட்டது என்று ஒரு ராத்திரி தூங்கவில்லை.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது ஈசி. இடத்தின் மேல் பதிந்த விற்பனை, அடமானம் எல்லாம் அதில் இருக்கும். பதிவுத்துறையின் தளத்தில் 1975-இலிருந்து இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். போனில் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டரில் பாருங்கள். போனில் பாதிப் பெட்டிகள் திரைக்கு வெளியே போய்விடும். நத்தம் நிலவரித் திட்ட அளவை வந்தபோது சர்வே எண்கள் மாறியிருக்கின்றன. புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் ஈசி சுத்தமாக வரும். சந்தோஷப்பட வேண்டாம். பழைய எண்ணிலும் தேடினால்தான் உண்மை தெரியும். எங்கள் இடத்துக்கு அப்படித்தான் 1983-இல் போட்ட ஒரு அடமானம் தலை நீட்டியது. பணம் எப்போதோ கட்டியாகிவிட்டது, ரத்துப் பத்திரம் மட்டும் எழுதவில்லை. அன்றைக்குக் கடன் கொடுத்தவரின் மகன் நல்ல மனுசர், ஒரு காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

2. தாத்தா பேரிலிருந்து உங்கள் பேருக்கு

நான் சறுக்கிய இடம் இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தாத்தா இறப்புச் சான்று, அப்புறம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று. ஆச்சி தாத்தாவுக்கு முன்பே இறந்திருந்தாலும் அவருடைய இறப்புச் சான்றையும் கேட்பார்கள். அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்? ஒரு வருடத்துக்கு மேல் பதியாமல் விட்ட இறப்பு என்றால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். இதை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள். மற்ற வேலைகள் நடக்கிற நேரத்தில் இது தன்பாட்டுக்கு ஒரு பக்கம் நகரட்டும்.

வாரிசுச் சான்றில் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைமார் பேர் வந்தது. இப்போது இரண்டு வழி. நாலு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். ஆனால் அதை வைத்துக் கடன் கேட்டால் நாலு பேரும் கையெழுத்துப் போட வர வேண்டும். இல்லை, மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, தானசெட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது) இரண்டுக்கும் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். எங்கள் ஊர் மனைக்கு அது பெரிய தொகை இல்லை. பெரிய அத்தை தாராவியில் இருக்கிறார். பவர் எழுதி வாங்கலாமா என்று யோசித்து, கடைசியில் பங்குனியில் சாமி கொடைக்கு அவர் வரும்வரை காத்திருந்தோம். கொடை முடிந்த மூன்றாம் நாள் குடும்பமே சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்றது. அத்தை பங்கு கேட்கவில்லை. “வீட்டுல எனக்கொரு ரூம் வச்சிருல” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அப்பா எனக்குத் தானசெட்டில்மென்ட் எழுதினார். அப்பா பேரிலேயே வைத்திருந்தாலும் கடன் கிடைக்கும். ஆனால் இடத்துக்காரர் கடனில் கட்டாயம் சேர வேண்டும். அவருக்கு அறுபத்தாறு வயது என்றால் தவணைக் காலத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

இங்கேதான் விழுந்தேன். பத்திரம் எழுதுபவர் பழக்க தோஷத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: ‘மேற்படி சொத்தை என் ஆயுள் பரியந்தம் நானே அனுபவித்துக்கொண்டு...’ அப்பாவின் நன்மைக்குத்தான். வாசித்தபோது எனக்கும் நியாயமாகவே பட்டது. பேங்க் வக்கீல் அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். அனுபவ உரிமை அப்பாவிடம் இருக்கும்வரை என் அடமானம் முழு அடமானம் ஆகாதாம். அப்பா மறுபடி வந்து ஆயுள் உரிமையை விட்டுக்கொடுத்து இன்னொரு பத்திரம் எழுத வேண்டியதாயிற்று. இன்னொரு முத்திரைத்தாள், இன்னொரு டோக்கன், அப்பாவின் இன்னொரு முறைப்பு. நீங்கள் எழுதும்போதே ‘நிபந்தனை இல்லாமல், உடனே சுவாதீனம் ஒப்படைத்து’ என்று இருக்கிறதா என வரி வரியாகப் பாருங்கள். அப்பா அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது பத்திரத்தில் இருக்க வேண்டிய விஷயம் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். உங்கள் வீட்டு நிலவரம் வேறாக இருந்தால், எழுதிக் கொடுப்பவர் யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கடனுக்காக அவசரப்படுத்தாதீர்கள்.

3. தச்சு முழமும் சதுர மீட்டரும்

பழைய பத்திரத்தில் எங்கள் மனை ‘கிழமேல் தச்சு முழம் 14, தென்வடல் தச்சு முழம் 22’. ஒரு தச்சு முழம் இரண்டே முக்கால் அடி. அப்படியென்றால் 38½ அடிக்கு 60½ அடி, மொத்தம் சுமார் 2,329 சதுர அடி. பட்டாவிலோ 195 சதுர மீட்டர், அதாவது 2,100 சதுர அடிகூடச் சரியாக இல்லை. மிச்சம் எங்கே? தெருவை அகலப்படுத்தினபோது போயிருக்கிறது. எதிர்வீட்டு அண்ணாச்சியோடு சண்டைக்குப் போகாதீர்கள். வங்கி எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். புதுப் பத்திரத்தில் பட்டா அளவையே போட்டு, சர்வேயரை வைத்து ஒருதரம் அளந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

4. வக்கீல்

விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் வங்கி உங்கள் பத்திரங்களைத் தன் வக்கீலுக்கு அனுப்பும். சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் கட்டிய பணம், கடன் கிடைக்காவிட்டால் திரும்பி வராது. இரண்டு இடத்தில் இப்படிக் கட்டி இழந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கிளையில் போய், “உங்க பேனல் வக்கீல் யாரு சார்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அவரிடம் நேரே போய், பீஸ் கொடுத்து, பேப்பரை முதலில் காட்டுங்கள். என்ன குறை என்று ஒரு தாளில் எழுதித் தருவார். அந்தத் தாளில் உள்ளதை முடித்த பிறகு விண்ணப்பம். மூன்று செட் நகல், ஒரு கனமான பிளாஸ்டிக் பைல், மேலே தேதி வாரியாக ஒரு பட்டியல். ஆப், ஸ்கேன், கிளவுட் எல்லாம் இந்த வேலைக்கு உதவாது. மேஜையில் பைல் இருந்தால்தான் நகரும்.

5. எங்கே கேட்பது

நம் பக்கத்தில் பொதுவாக ஐந்து வாசல். அரசு வங்கிக் கிளை. தமிழ்நாடு கிராம வங்கி (2019-இல் பாண்டியனும் பல்லவனும் சேர்ந்து ஆனது, எங்கள் ஊரில் இன்றைக்கும் ‘பாண்டியன் பேங்க்’தான்). தமிழ்நாடு மெர்க்கன்டைல் மாதிரி, நம் கடைக்காரர்களைத் தலைமுறையாகத் தெரிந்த தனியார் வங்கி. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. கடைசியாக வீட்டுக்கடன் நிறுவனங்கள்.

என் விருப்பம்: உங்கள் சேமிப்புக் கணக்கும் நகைக்கடனும் எந்தக் கிளையில் ஓடுகிறதோ அங்கேயே முதலில். உங்களைப் பார்த்த முகம் அங்கே இருக்கும். நத்தம் மனை என்றாலே சில கிளைகள் முகத்தைச் சுளிக்கும். கிராமத்துக் கிளைக்கு அது பழகிய விஷயம். வீட்டுக்கடன் நிறுவனம் உங்கள் கடையில் வந்து உட்கார்ந்து, வியாபாரத்தைப் பார்த்து வருமானத்தைக் கணக்குப் போடும். பேப்பர் குறைந்தவர்களுக்கு அது வசதி. அந்த வசதிக்கு விலை வட்டியில் இருக்கும்.

குடிசையில் இருப்பவர்கள் கடனுக்கு அலைவதற்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சம், அதோடு கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகத் தருகிறது. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 3.50 லட்சம். இரண்டுமே கணக்கெடுப்புப் பட்டியலில் பேர் இருந்தால்தான். எங்களுக்கு ஓட்டு வீடு இருந்ததால் இல்லை என்றார்கள், சரிதான்.

6. வருமானமும் சிபிலும்

மூன்று வருட வருமான வரிக் கணக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள். கடைக்கு க்யூஆர் அட்டை வைத்து, பணம் கணக்கில் விழுகிற மாதிரி ஒரு வருடம் ஓட்டுங்கள்.

சிபில் உள்பட, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நாலு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை தர வேண்டும். நான் என்னுடையதை மட்டும் பார்த்தேன். அம்மாவுடையதைப் பார்க்கவில்லை. அம்மாவைச் சேர்த்து விண்ணப்பித்த பிறகுதான், மகளிர் குழுக் கடனில் இரண்டு தவணை பாக்கி என்று வந்தது. அம்மா வாராவாரம் கட்டியிருக்கிறார், அட்டையில் கையெழுத்து இருக்கிறது. வசூலித்தவர் கணக்கில் ஏற்றவில்லை. அட்டையைக் காட்டித் திருத்த ஆறு வாரம் ஆனது. கடனில் சேரும் எல்லாருடைய அறிக்கையையும் பாருங்கள்.

7. வட்டி

‘நூத்துக்கு ஒரு ரூபா வட்டி’ என்றால் வருடத்துக்கு 12 சதவீதம், அது நமக்குத் தெரியும். தெரியாமல் ஏமாறுவது பிளாட் வட்டியில். அசலைக் கட்டக் கட்டக் குறையாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டி அது. 10 லட்சம், 15 வருடம், பிளாட் 7 சதவீதம் என்றால் மாதம் 11,389 ரூபாய். பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது கிட்டத்தட்ட 11 சதவீதம்! ‘குறையும் நிலுவையா, பிளாட்டா’ என்ற ஒரு கேள்வியை மறக்காதீர்கள். குறையும் நிலுவையிலேயே 9 சதவீதத்துக்கு 10,143, 12 சதவீதத்துக்கு 12,002. பதினைந்து வருடத்தில் வித்தியாசம் 3 லட்சத்து 34 ஆயிரத்துக்கு மேல். மாறும் வட்டி என்றால் தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது விதி. தரலாம் என்பதுதான் விதி. என் எஸ்டிமேட் 14 லட்சம், கிடைத்தது 10.

8. கையெழுத்துக்குப் பிறகு

பத்திர ஒப்படைப்பை, அதாவது மூலப்பத்திரத்தை வங்கியில் அடமானமாகக் கொடுத்ததை, பதிய வேண்டும். கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரை (உச்சம் 30,000), 1 சதவீதம் பதிவுக் கட்டணம் (உச்சம் 6,000). 10 லட்சத்துக்கு 11,000 ரூபாய். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

பணம் ஒரே தடவையில் வராது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி பேஸ்மென்ட் எழும்பின பிறகு ஒரு பங்கு, லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேல் விட்டம்) மட்டத்தில் ஒரு பங்கு, தளம் போட்டதும் ஒரு பங்கு, பூச்சுக்கு மிச்சம். அதாவது பேஸ்மென்ட் உங்கள் கைக்காசு. கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் லிண்டல் மட்டத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், சுவர் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தது.

பின்சேர்க்கை

வரைபட அனுமதி பற்றி எழுதவில்லையே என்று இரண்டு பேர் கேட்டார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, ஒற்றைச் சாளரத் தளத்தில் சுயசான்று முறையில் உடனே அனுமதி எடுக்கலாம். ஊராட்சிக்குத் தனியாக நடக்க வேண்டியதில்லை.

இன்னொருவர் களக்காடு பக்கம். அவர் அப்பா தொண்ணூறுகளில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி அடைத்துவிட்டார், மூலப்பத்திரம் மட்டும் திரும்பி வரவில்லை. பத்திரம் தொலைந்தது என்று போலீசில் மனு, பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் என்று போவதற்கு முன், கடன் முடிந்ததற்கான சான்றைச் சங்கத்தில் எழுத்தில் வாங்கச் சொன்னேன். வங்கிக் கடன் என்றால் 2023 டிசம்பரிலிருந்து விதி கடுமை: அடைத்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதம் ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய். பழைய சங்கக் கடனுக்கு இது ஒத்துவராது. போன வாரம் பேசினார். பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம் பத்திரம், சங்கத்து பீரோ.