பலகை விளையாட்டுகளின் வரலாறு பிடிபட, ஆடு புலியில் தொடங்குங்கள்

வியூக விளையாட்டு என்றதும் சதுரங்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரு தரப்பும் சமமில்லாத ஆட்டங்கள் தனிக் குடும்பம். அதில் நமக்குப் பக்கத்திலேயே இருப்பது ஆடு புலி ஆட்டம்: 3 புலி, 15 ஆடு, காய் வைக்க 23 புள்ளிகள். ஒரு சாக்பீஸும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். பழைய கோயில்களுக்குப் போனால் மண்டபத் தரையைப் பாருங்கள், கட்டம் செதுக்கியிருப்பது பல இடங்களில் தெரியும்.

ஒரே பக்கமாக ஆடாமல், ஓர் ஆட்டத்தில் ஆடு, அடுத்ததில் புலி என்று மாறிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஆடுதான் அதிகம் கற்றுத்தரும். ஆட்டுக்குப் பின்னால், அதே கோட்டில், அடுத்த புள்ளி காலியாக இருந்தால்தான் புலி தாண்டி வெட்ட முடியும். அதனால் முதல் ஆடுகளைக் கோடு முடியும் மூலைகளில் வையுங்கள். அப்புறம் இடைவெளி விடாமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே உள்ளே வாருங்கள். 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது, எனவே வைக்கும் இடம்தான் எல்லாம்.

இது கைவந்ததும் நேபாளத்தின் பாக்சாலுக்குப் போங்கள்: 4 புலி, 20 ஆடு, 25 புள்ளிகள். அங்கே 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. அடுத்து, வட ஐரோப்பாவின் தப்லூட். தாவரவியலாளர் லின்னேயஸ் 1732இல் லாப்லாந்துப் பயணத்தின்போது அதன் விதிகளைக் குறித்துவைத்தார். 9×9 கட்டத்தில் நடுவே ஓர் அரசன், அவனைக் காக்க 8 வீரர்கள், சுற்றி வளைக்க 16 பேர்.