பழைய ஜான் டியர் 110 புல்வெட்டியை மறுபடி ஓட வைப்பது எப்படி

அமெரிக்காவில் பழைய டிராக்டர் மாதிரிப் புல்வெட்டி வாங்குபவர்களில் நிறைய பேர் முதலில் வாங்குவது ஜான் டியரின் பச்சை பெயின்டும் மஞ்சள் பெயின்டும்தான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். என்ஜினுக்கு உயிர் இருக்கிறதா, கியர்பெட்டி சுழல்கிறதா என்று தெரியாமல் பெயின்ட் அடித்தால், அப்புறம் பிரித்து மாட்டும்போது பாதி உதிர்ந்துவிடும், பெட்ரோல் பட்டு மீதியும் போய்விடும்.

நான் இங்கே சொல்வது ஜான் டியர் 110 பற்றி. 1963ல் விஸ்கான்சின் மாநிலத்து ஹோரிகான் ஆலையில் செய்ய ஆரம்பித்த வண்டி. முதல் வருஷம் 7 குதிரைத்திறன் கோலர் கே161 என்ஜின், அடுத்த வருஷத்திலிருந்து 8 குதிரைத்திறன் கே181. அந்தக் காலத்து கப் கேடட், வீல் ஹார்ஸ் வண்டிகள் பலவற்றிலும் இதே கோலர் கே வரிசை என்ஜின்கள்தான் இருக்கும், அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். இந்த என்ஜினைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்லக் காரணம், பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20 அல்லது 30 பங்கு பெரிதான பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மலிவான வண்டிகளில் பலவற்றுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

வண்டி வந்த அன்றே பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். என்ஜினை மூடியிருக்கும் தகர உறையையும் இப்போதே கழற்றிவிடுங்கள், ஏனென்றால் கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் காற்றுத் துடுப்புகளுக்கு நடுவே எலிக்கூடு இருக்க வாய்ப்பு அதிகம், அதோடு ஓடவிட்டால் என்ஜின் வெந்துவிடும். எலிப் புழுக்கையைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஹாண்டா வைரஸ் பரவுவது அந்தத் தூசி வழியாகத்தான். பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறை போட்டுத் துடைத்து எடுங்கள்.

அப்புறம் என்ஜின் தண்டின் முனையில் இருக்கும் கனமான சக்கரத்தை, அதாவது ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகிப் போயிருந்தால் மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. சுத்தியலுக்கு இங்கே வேலையே இல்லை. வார்ப்பிரும்பு ஃபிளைவீலில் சுத்தியல் பட்டு விரிசல் விட்டால், பிறகு முழு வேகத்தில் அது உங்கள் பக்கத்திலேயே சிதறலாம். கழற்ற வேண்டி வந்தால் புல்லர் என்ற இழுக்கும் கருவி போட்டுத்தான் கழற்ற வேண்டும்.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். பல பேர் இங்கேதான் ஏமாந்து நல்ல என்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பல கே181களில் ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு, அதனால் சாதாரண கேஜ் மாட்டிச் சுற்றினால் எண் குறைவாகவே காட்டும். பிளக்கைத் திரும்ப மாட்டி, ஃபிளைவீலைத் தலைகீழ்த் திசையில் வேகமாக ஒரு சுழற்று சுழற்றுங்கள். கையை எதிர்த்து உதறித் திரும்பினால் கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது. தளர்வாகச் சுற்றினால் வால்வு ஒட்டியிருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம். இது வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கில் இருக்கும் சைடு வால்வு என்ஜின் என்பதால் ஹெட்டைக் கழற்றுவது சுலபம், போல்ட்டுகளை எடுத்தால் தட்டு மாதிரி கையோடு வந்துவிடும், வால்வுகள் கண்ணுக்கு நேராகத் தெரியும். கரியை மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஹெட்டைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து, ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று சுற்றிலும் பாருங்கள், வளைந்திருந்தால் அதே கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்துச் சமமாக்கலாம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கலாம், அதனால் உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுங்கள். கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, கே181க்கு 15 முதல் 20 அடி-பவுண்டு வரை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

அடுத்து பொறி. என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன மூடிக்குள் பாயின்ட் இருக்கும், பொறி வரவேண்டிய நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச் அது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த பாயின்ட்டில் படலம் படிந்து மின்சாரம் ஓடாது, பல வண்டிகளில் நோயே அவ்வளவுதான். சுத்தம் செய்து, பாயின்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு இடைவெளி வையுங்கள். டைமிங், அதாவது பொறி வரும் நேரம் பார்க்க, ஃபிளைவீலில் இருக்கும் எஸ் (S) குறி, பார்வைத் துளைக்கு நேராக வரும்போது பாயின்ட் அப்போதுதான் திறக்க ஆரம்பிக்க வேண்டும். இதைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பார்க்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், அந்தக் குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் திறக்கும் கணம் துல்லியமாகத் தெரியும்.

பெட்ரோல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய குழாய் மொத்தத்தையும் மாற்றுங்கள். இப்போது அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். தகரத் தொட்டி உள்ளே துருப்பிடித்திருந்தால் வினிகரும் ஒரு துண்டு சங்கிலியும் போட்டுக் குலுக்கி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே நன்றாகக் காய வையுங்கள். கார்பரேட்டரைப் பிரித்துத் துளைகள் எல்லாவற்றையும் கிளீனரால் ஊதி எடுங்கள், கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஊசி ஸ்குருக்களை விரலால் லேசாக உட்காரும் வரை மட்டும் திருகி, முக்கிய ஊசியை இரண்டு சுற்றும் ஐடில் ஊசியை ஒன்றேகால் சுற்றும் வெளியே எடுங்கள். ஓட ஆரம்பித்து என்ஜின் சூடான பிறகு இரண்டு பக்கமும் திருகிப் பார்த்து, வேகம் குறையும் இரண்டு இடங்களுக்கு நடுவே, பெட்ரோல் சற்றே கூடுதலான பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்த என்ஜினில் ஆயில் பம்ப்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. கனெக்டிங் ராடின் (பிஸ்டனையும் சுழலும் தண்டையும் இணைப்பது) அடியில் இருக்கும் நாக்கு எண்ணெயை வாரி இறைப்பதுதான் மொத்த ஏற்பாடு. ராடு அலுமினியம். எண்ணெய் குறைந்தாலோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கோளாறால் நிமிஷத்துக்கு 3600 சுற்றைத் தாண்டினாலோ ராடு முறிந்து பிளாக்கை ஓட்டை போட்டுவிடும். கோடைக்கு எஸ்ஏஇ 30 எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் அளவு பாருங்கள்.

ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருக்கும் பழைய மாடலில், பேட்டரி கழற்றிக் கிடந்தபின் சார்ஜ் ஆகாமல் இருந்தால் உடனே புது ஜெனரேட்டர் தேட வேண்டாம். என்ஜின் ஓடாதபோது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயர் துண்டால் கண நேரம் தொட்டு எடுங்கள், ஜெனரேட்டருக்கு அதன் காந்தத் திசை திரும்பக் கிடைத்துவிடும்.

என்ஜின் நின்று நிதானமாக ஓடுகிறதா, சரி, இப்போது பிளேடு பக்கம் போகலாம். பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கிக் கட்டாமல் பிளேடு பக்கம் கை போகக் கூடாது. பிளேடு சுழலும் தண்டின் (ஸ்பிண்டில்) பேரிங் கரகரத்தால் மாற்றுங்கள், பிளேடைச் சாணை பிடித்தபின் ஒரு ஆணியில் மாட்டி இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். சீட்டிலிருந்து எழுந்தால் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இவ்வளவு பழைய வண்டியில் இருக்காது. ஒரு சுவிட்ச் வாங்கிப் பொருத்துங்கள், அசலாக இல்லையே என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் ஓடப்போகும் வண்டி இது.

பெயின்ட் அதற்கப்புறம்தான். 1978க்கு முந்திய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டு, முகமூடி போட்டுத் தேயுங்கள். அசல் பெயின்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் கழுவி மெழுகு போட்டு அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. புதிதாக அடிப்பதானால் உறையில் இருக்கும் என்ஜின் எண் தகட்டை மட்டும் மறைத்து அடியுங்கள், அடுத்த முறை கேஸ்கெட் கேட்டுப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.